எண்ணெய்க் குதங்களின் ஊரிலே மின்சார வண்டி

திருகோணமலைக்கு யாத்திரை போகின்றவர்கள் கோணேசப் பெருமானைத் தரிசிப்பர்; சுவாமி மலையின் விளிம்பிலே நின்று கீழே கொந்தளிக்கும் கடலைப் பார்த்து மெய்சிலிர்ப்பர்; கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் நீர் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வர்; நகரத் தெருக்களிலே புள்ளிமான்கள் அச்சமின்றி உலாவுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு ஊர் திரும்புவர். இவற்றிலே குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், இத்துறைமுகத்தின்மேல் வல்லரசுகள் ஒரு நூற்றாண்டாக வைத்த கண்ணை எடுக்காதிருப்பதற்குக் காரணமான பொருள் நகரிலிருந்து சில கல் தொலைவிலே, சீனக்குடாக் காட்டினுள் மறைந்து கிடக்கின்றது. அதைப் பார்க்கவென்று எவரும் போவதில்லை. காவலும் கட்டுப்பாடும் உள்ள இடமாதலால் நினைத்தவுடன் உள்ளே போகவும் முடியாது.

நான் குறிப்பிடுவது எண்ணெய்க் குதங்களை. உலகப் போர்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளிலே ஆங்கிலேயர் கட்டியவை இவை, எண்ணிக்கையில் 99. அனைத்தும் நிரம்பினால் ஏறக்குறைய 10 இலட்சம் தொன் எண்ணெய் கொள்ளும். கரையை அடுத்த கீழ்த் தொகுதியிலே வேலை நடக்கின்றது. மேலே காட்டினுள் இருக்கும் பெருந்தொகுதியோ பல பத்தாண்டுகள் வெறுமையாய்க் கிடந்தது. வட்ட வட்டமாக நிற்கும் இரும்புச் சுவர்களிலே துரு ஏறி, சுற்றிலும் மரங்கள் வளர்ந்து, மறந்துபோன கோட்டை ஒன்றைப் போலத் தோற்றம் கொண்டுவிட்டது. 1942 ஆம் ஆண்டு ஏப்ரில் 9 ஆந் தேதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது, அவற்றுள் ஒன்று ஒரு குதத்தின்மேல் வீழ்ந்தது. அத்தீ நாட்கணக்காக எரிந்தது என்பர். உருகிக் குலைந்த அதன் இரும்பு எச்சங்கள் அந்தக் காட்டிலே உள்ளன.

பெற்றோல் விலையும் மின்சாரக் கட்டணமும் வீட்டுக்கு வீடு பேச்சாகிவிட்ட இந்நாளிலே, மின்சார மோட்டார் வண்டி நமக்கு ஒத்துவருமா என்ற கேள்வியும் கூடவே எழுகின்றது. அக்கேள்வியை எழுப்புவதற்குத் திருகோணமலையைவிடப் பொருத்தமான ஊர் இலங்கையிலே வேறில்லை என்பது என் கருத்து. ஏனெனில் உலகம் எரிபொருள் மாற்றிய ஒவ்வொரு தடவையும் அம்மாற்றத்தின் தழும்பு இந்தத் துறைமுகத்தின் மேனியிலே விழுந்திருக்கின்றது.

முதலிலே காற்று. வாடைக் காற்று வீசும் மாதங்களில், சோழமண்டலக் கரை நெடுகிலும் பாய்க்கப்பல்கள் ஒதுங்குவதற்கு நல்ல இடம் கிடையாது. சென்னைக்கு முன்னேயும் அந்நாளில் திறந்த கடலே. மலைகளால் சூழப்பட்டு, வாயில் ஒடுங்கி, உள்ளே ஆழம் மிகுந்த இக்குடா ஒன்றே அப்பக்கத்துக் கப்பல்களுக்குத் தாய்மடி. 1782 இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் இதைப் பிடித்ததும், 1795 இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியதும் இதற்காகத்தான். காற்றுக்குப் பின் நிலக்கரி வந்தது. அதற்குப் பின் எண்ணெய். 1911 இல் பிரித்தானியக் கடற்படையின் பொறுப்பை ஏற்ற வின்ஸ்டன் சேர்ச்சில், போர்க்கப்பல்களை எண்ணெயில் ஓடச்செய்வதென முடிவுகட்டினார். ஆங்கிலேயரின் சொந்த மண்ணிலே நிலக்கரி மலைபோலக் கிடந்தது. எண்ணெயோ ஒரு துளியும் வெளியிலிருந்து வரவேண்டும். அப்படியிருந்தும் துணிந்தனர். வெளியிலிருந்து வருவதைச் சேர்த்துவைக்க வழிநெடுகக் களஞ்சியம் வேண்டும் அல்லவா? சீனக்குடாக் குதங்கள் அந்தத் துணிச்சலின் பிள்ளைகள்.

1957 இல் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. குதங்களைப் பற்றிய பேச்சு 1987 ஆம் ஆண்டின் இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலேயே இடம்பெற்றது. 2003 இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளை கீழ்த் தொகுதியை நடத்த வந்தது. 2022 சனவரியில் புதிதாய்ப் பங்கீடு நடந்தது: இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24 குதங்கள், அந்நிறுவனத்துக்கு 14, இருவரும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு 61.

அந்தப் பத்திரத்தின் மை காயுமுன்னரே பெரும் பஞ்சம் வந்து சேர்ந்தது. 2022 ஆம் ஆண்டை இந்நாட்டில் வாழ்ந்தவர் எவரும் மறக்கமாட்டார். அவ்வாண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாயிருந்த ஒரு லீற்றர் பெற்றோல் யூன் மாத இறுதியில் 470 ரூபா ஆயிற்று. ஒரு டொலருக்கு 200 ரூபா என்றிருந்த நாணயம் 360 வரை சரிந்தது. அத்தியாவசிய சேவைகளுக்கன்றி மற்றோர்க்கு எண்ணெய் இல்லையென்று அரசாங்கம் அறிவித்த நாட்களும் உண்டு. பாடசாலைகள் மூடப்பட்டன. எண்ணெய் நிலைய வரிசைகளிலே நின்று உயிர்விட்டவர்களும் உண்டு. பத்து இலட்சம் தொன் கொள்ளும் களஞ்சியத்தைக் காட்டினுள் வைத்திருந்த திருகோணமலை மக்கள், மற்ற ஊராரைப் போலவே வெயிலிலே போத்தலும் கானும் ஏந்தி நின்றனர். கீழ்க் குதங்களில் வந்து சேர்ந்த எண்ணெயைப் பவுசர்கள் நாடெங்கும் ஏற்றிச் சென்றமை உண்மையே. அந்த ஏற்பாடாவது இருந்ததே என்று ஆறுதல் கொண்டவர் பலர். ஆனால் குதம் என்பது வெறுங் குடம். குடம் எத்தனை பெரிதாயிருந்தாலும் அதை நிரப்பத் தண்ணீர் வேண்டும். இந்தத் தண்ணீரை விற்பவன் டொலரை அன்றி வேறு நாணயத்தைத் தொடமாட்டான்.

அவ்வாண்டு யூலை மாதத்திலே பங்கீட்டு முறை வந்தது. முச்சக்கர வண்டிக்கு வாரம் ஐந்து லீற்றர் என்று தொடங்கினார்கள். ஒரு லீற்றருக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், ஒரு வாரத்துக்கு நூற்றிருபத்தைந்து கிலோமீற்றர். வாடகைக்கு ஓடுபவர் ஒரு நாளைக்கே நூறு ஓடவேண்டியவர். ஏழு நாள் வயிற்றுக்கு ஒன்றே கால் நாள் உழைப்பு! 2023 செப்டெம்பரில் அப்பங்கீடு நிறுத்தப்பட்டது. ஆனால் அன்று பட்ட சூடு மனத்தில் ஆறவில்லை.

திருகோணமலைப் புகையிரத நிலையத்திலிருந்து என்னைச் சீனக்குடாப் பக்கம் ஏற்றிச் சென்ற ஆட்டோக்காரரிடம், "தம்பி, மின்சார ஆட்டோவுக்கு மாறினால் என்ன?" என்று கேட்டேன். நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர். சிரித்தார்.

"மாறலாம் ஐயா. பகலிலே சார்ஜிலே போட்டுவிட்டு நான் எப்ப உழைக்கிறது? இரவிலே வீட்டிலே போட்டால் கரண்ட் பில் வருகிறபோது மனிசி என்னை உள்ளே விடுவாவோ?"

நகைச்சுவையாகச் சொன்னாலும், பொருளியல் பேராசிரியர் ஒருவர் நாலு பக்கத்தில் எழுதக்கூடியதை அவர் இரண்டு வாக்கியத்தில் அடக்கிவிட்டார். எங்கே ஏற்றுவது என்பதைவிட எந்த நேரத்தில் ஏற்றுவது என்பதே இதில் உயிர்நாடி. அதை விளக்குமுன் கணக்கைப் பார்ப்போம்.

2025 ஆம் ஆண்டிலே ஒரு லீற்றர் பெற்றோல் 300 ரூபாவை ஒட்டியே நின்றது. நூறு கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் ஆட்டோவுக்கு நாலு லீற்றர், அதாவது 1,200 ரூபா. அதே தூரத்துக்கு மின்சார ஆட்டோ ஏறத்தாழ ஏழு அலகு மின்சாரம் உண்ணும். அலகுக்கு 60 ரூபா என்று நாம் கூட்டியே வைத்துக்கொண்டாலும் 420 ரூபா. நாளொன்றுக்கு எண்ணூறு ரூபாவுக்குச் சற்றே குறைந்த மிச்சம்! மோட்டார்க் காருக்கும் கணக்கு இவ்வாறே. லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடும் கார் நூறு கிலோமீற்றருக்கு 2,500 ரூபாவைக் குடிக்கும். மின்சாரக் காரோ பதினாறு அலகு உண்டு ஆயிரம் ரூபாவுக்குள் முடிக்கும். பெற்றோல் இயந்திரம் தான் குடிப்பதில் பெரும்பகுதியைச் சூடாக்கிக் காற்றிலே விட்டுவிடுகின்றது; மின் மோட்டார் அப்படியன்று. வேற்றுமையின் இரகசியம் இதுவே.

பின் ஏன் யாவரும் மாறவில்லை? வாங்கும் விலை ஒரு மதில். நாணயம் சரிந்ததும், வாகன இறக்குமதி 2020 இலிருந்து ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தடைப்பட்டதும், தடை 2025 இல் நீங்கியபோது வரி பெரிதாய் வந்ததும் நடுத்தரக் குடும்பத்தின் கையைக் கட்டிவிட்டன. வீட்டு மின்கட்டணம் படிப்படியாய் ஏறுவது இரண்டாவது மதில். அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடும். விளக்குக்கும் விசிறிக்கும் குளிர்ப்பெட்டிக்கும் மட்டும் மின்சாரம் எடுத்த வீடு, வண்டிக்கும் எடுக்கத் தொடங்கினால் மேற்படிக்கு ஏறிவிடும். ஆட்டோக்காரரின் மனைவி பயப்படுவது வீண்பயமன்று. ஆட்டோவைப் பொறுத்தவரை முதல் மதிலைத் தாண்ட ஒரு குறுக்கு வழி உண்டு: பழைய வண்டியின் பெற்றோல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு மின் மோட்டார் பூட்டும் வேலை நம் நாட்டிலே தொடங்கியிருக்கிறது. நான் மதிப்பது அதையே. புதுக்கார்க் கண்காட்சிகளை அல்ல.

இனி நேரத்தின் கதைக்கு வருவோம். நமது மின்சாரம் எங்கிருந்து வருகின்றது? மலையகத்து நீர்வீழ்ச்சிகளிலிருந்து ஒரு பங்கு. நுரைச்சோலையின் 900 மெகாவாட் அனல் நிலையத்தில் இறக்குமதி நிலக்கரியை எரித்து ஒரு பங்கு. மழை பொய்த்தால் எண்ணெய் எரித்தும் ஒரு பங்கு. இரவிலே மின்னேற்றும் கார் பெற்றோலைத் துறந்தாலும் பிறநாட்டு நிலக்கரியைத் துறப்பதில்லை. பகல் நேரமோ வேறு விதம். வீட்டுக் கூரைகளிலே சூரியத் தகடுகள் பெருகியதால், ஆலைகளும் அலுவலகங்களும் மூடிக்கிடக்கும் விடுமுறைப் பகலிலே மின்சாரம் தேவைக்கு மிஞ்சுகிறது. 2025 ஏப்ரிலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைத் தகடுகளைப் பகலிலே நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபையே வேண்டுகோள் விடுத்தது. மூன்றாண்டுகளுக்கு முன் இருளில் தவித்த நாடு, வெளிச்சம் கூடிப்போயிற்றென்று முறையிட்டது. விதியின் விளையாட்டை என்னென்பது!

மிஞ்சுவதைச் சேர்த்துவைக்கக் குதம் இல்லை. மின்சாரத்துக்குக் குதம் பற்றரிதான். ஒவ்வொரு மின்சார வண்டியும் சக்கரம் பூட்டிய ஒரு சிறு குதம். நண்பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை திருகோணமலை வெயிலிலே வாடகைக்கு வண்டி தேடுபவர் அரிது. ஆட்டோக்கள் வேம்பின் நிழலிலே வரிசையாய் நிற்கும். ஓட்டுநர்கள் பின் இருக்கையிலே காலை நீட்டிப் படுத்திருப்பர். அதே மூன்று மணி நேரத்தில்தான் சூரியன் கேட்பாரின்றிக் கொட்டுகின்றான். ஆட்டோத் தரிப்பிடத்துக்கு வேம்பின் நிழலுக்குப் பதிலாகச் சூரியத் தகட்டுக் கூரை போட்டு, கீழே மின்னேற்றும் செருகிகள் வைத்தால், அன்றைய ஓட்டத்துக்கு வேண்டிய ஏழு அலகில் பெரும்பகுதி உறங்கும் நேரத்திலேயே ஏறிவிடும். நான் இதைச் சொன்னபோது நம் ஆட்டோக்காரர் சிரிக்கவில்லை. "கூரையை ஆர் போடுறது ஐயா?" என்றார். நகரசபையா, கூட்டுறவுச் சங்கமா, ஆட்டோச் சங்கமா என்பது அவர்கள் கூடிப் பேசவேண்டிய காரியம். தனி ஒருவரால் ஆகாது.

துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக்குடாவின் மறுகரையிலே சம்பூர் இருக்கின்றது. மின்சாரத்தின் பேரால் இந்த ஊர் பட்டதை அறியாமல் திருகோணமலையின் மின்சாரத்தைப் பேசுவது நியாயமன்று. 2006 ஆம் ஆண்டுப் போரிலே சம்பூர் மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினர். கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களிலே ஆண்டுகள் கழிந்தன. அவர்களுடைய நிலத்தின்மேல் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வரைபடத்தில் எழுந்தது. 2015 இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டபின் குடும்பங்கள் திரும்பத் தொடங்கின. புகையும் சாம்பலும் கடலில் விழும் சுடுநீரும் தங்கள் வயலையும் மீனையும் கெடுக்குமென்று ஊரார் எதிர்த்தனர். 2016 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரில் 5 ஆந் தேதி, அதே சம்பூருக்கென 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் வேலை இந்தியப் பிரதமராலும் இலங்கை சனாதிபதியாலும் கொழும்பிலிருந்தே தொடக்கிவைக்கப்பட்டது.

நல்ல வெயில் நாளொன்றில் இத்தகைய நிலையம் ஆறு இலட்சம் அலகுக்கு அண்மையாக மின்சாரம் தரக்கூடும். மேலே சொன்ன ஆட்டோவுக்கு ஏழு அலகு என்றால், எத்தனை ஆயிரம் வண்டிகள் என்று மாணவர்கள் வகுத்துப் பார்க்கலாம். நிலக்கரியைவிட இது எவ்வளவோ மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த மின்சாரம் உயர்கம்பி ஏறித் தலைக்குமேல் போய்விட்டு, கீழே மூதூரிலும் சம்பூரிலும் உள்ள பிள்ளை மிதிவண்டியில் பாடசாலை போவதாகவே இருந்தால், அந்த ஊர் கொடுத்த விலைக்கு அது ஈடாகாது. முதல் மின்னேற்றும் தரிப்பிடம் அங்கேதான் வேண்டும் என்பேன்.

மின்சார வண்டியை ஏதோ நேற்றுப் பிறந்த விந்தையாக நாம் பேசுகின்றோம். கொழும்பிலே 1960 வரை மின் டிராம் ஓடிற்று. 1953 முதல் 1964 வரை துரொலி பஸ்ஸும் ஓடிற்று. இரண்டாம் உலகப் போரிலே பெற்றோல் கிடையாதபோது தமிழ்நாட்டுப் பஸ்கள் முதுகிலே அடுப்பைச் சுமந்து கரிவாயுவில் ஓடியதைப் பழையவர்கள் கதைகதையாய்ச் சொல்வார்கள். தட்டுப்பாடு வந்தால் மனிதன் எதிலும் வண்டி ஓட்டுவான். தட்டுப்பாடு நீங்கியதும் மறந்தும் விடுவான்.

கடற்றொழிலாளர் நிலை வேறு. இக்கரைகளிலே வள்ளங்களின் இயந்திரங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயிலே ஓடுகின்றன. 2022 ஓகஸ்டிலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. காருக்கும் ஆட்டோவுக்கும் சொன்ன வைத்தியம் வள்ளத்துக்குப் பலிக்காது. தண்ணீரைப் பிளந்து செல்ல வேண்டிய வலு பெரிது. அவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் பற்றரியின் பாரம் வலைக்கும் மீனுக்கும் இடம் வைக்காது. உப்புக் காற்று செம்புக் கம்பியைத் தின்றுவிடும். "கடலுக்குள்ளே சார்ஜ் முடிந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வர அது றோட்டே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். விசைப்படகின் விளக்குக்கும் கரையிலே ஐஸ் செய்வதற்கும் சூரிய மின்சாரம் உதவும். இயந்திரத்துக்கு இன்னும் சில காலம் மண்ணெண்ணெயே கதி. எனவே எண்ணெய்க் குதங்களை இப்போதே பழைய இரும்புக்கு விற்றுவிடலாம் என்று எண்ணுகிறவர்களோடு நான் உடன்படேன்.

மின்சாரக் கார் வைத்திருப்போர் குடும்பத்தோடு திருகோணமலைக்குப் புறப்படுவதாயின், வண்டியின் வயதைப் பார்த்துப் புறப்பட வேண்டும். கொழும்பிலிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் தூரம் ஏறக்குறைய 260 கிலோமீற்றர். புதிய கார்களில் பல ஒரே மூச்சில் வந்துசேரும். பத்தாண்டுக்கு முன் இங்கே இறங்கிய நிசான் லீஃப் கார்களோ, புதிதாயிருந்த காலத்திலேயே ஓர் ஏற்றத்துக்கு நூற்று முப்பது கிலோமீற்றர் வரைதான் ஓடின. அவற்றின் பற்றரிக்குத் திரவக் குளிர்ச்சி கிடையாது. வெப்ப நாட்டிலே விரைவிலே தளரும். இன்று அவை பாதி தூரத்தைத் தொட்டாலே பெரிது. தம்புள்ளையிலும் ஹபரணையிலும் விரைவு மின்னேற்றும் இடம் எது, அது வேலை செய்கின்றதா என்பதைப் புறப்படுமுன் தொலைபேசியிலே கேட்டுவிடுங்கள். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ தங்குபவர்கள், விடுதியில் அறை கேட்கும்போதே செருகியும் கேட்டுக்கொள்க. நண்பகலில் வெயிலிலே நிறுத்திய வண்டியை உடனே மின்னேற்றாமல், நிழலிலே சற்று ஆறவிட்டு ஏற்றுவது பற்றரிக்கு நல்லது. முதியோரும் குழந்தைகளும் உடன் வருவதாயின் புகையிரதமே உத்தமம். 1927 இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை நகரின் நடுவிலேயே கொண்டுவந்து இறக்கிவிடும். நிலைய வாசலிலே ஆட்டோக்கள் நிற்கும். ஏறுமுன் வாடகையைப் பேசிக்கொள்ளுங்கள்.